ஹட்டன் நகரின் கட்டடங்களும் சுவர்களும்: நடந்து காணும் ஒரு வரலாறு

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது எழுத்தாவணங்களையே. ஹட்டனைப் பொறுத்தவரை அவ்வாவணங்களுக்குக் குறைவில்லை. குடியேற்ற ஆட்சியின் நிருவாக அறிக்கைகளையும் பேர்குசன் கைந்நூல்களையும் புரட்டுவோர் தோட்டத்தின் பெயர், அதன் ஏக்கர்க் கணக்கு, அதனை நடத்திய துரையின் பெயர் முதலியவற்றை எளிதிற் காணலாம். அத்தோட்டத்தில் உழைத்தோர் அங்கே ஒரு தொகையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். எழுதப்பட்ட சான்று ஒரு சாராரையே பேசுமிடத்து, எழுதப்படாத சான்றை நாடுவது வரலாற்று மாணவரின் கடனாகிறது. கட்டடம் அத்தகைய ஒரு சான்று. அதனை இருந்த இடத்திலிருந்து படிக்க முடியாது. நடந்து சென்றே படிக்க வேண்டும்.

இம்முறை புதியதன்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914, 1915 ஆம் ஆண்டுகளில் தஞ்சை, மதுரை முதலான நகரங்களின் தெருக்களில் நடந்து திரிந்தே தம் அறிக்கைகளை எழுதினார். 1921 இல் கொழும்பு நகருக்கான திட்ட அறிக்கையையும் அவரே வரைந்தார். மேசையில் விரித்த வரைபடத்தின் மீது கோடிழுத்துக் குடியிருப்புகளை இடிக்கும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். அவர் மலைநாட்டு லயங்களுக்குள் நடந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது. ஹட்டன் என்னும் பெயரும் ஸ்கொத்லாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயரேயல்லவா!

இன்று வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணம் உல்லாசப் பயணத்துறையின் ஓர் அங்கமாகிவிட்டது. கொழும்புக் கோட்டையிலும் காலிக் கோட்டையிலும் நடைபெறுவது போன்று மலைநாட்டிலும் அது வேரூன்றி வருகிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது, 2023 ஆம் ஆண்டு முதல் பயணிகளை ஈர்த்து வருகிறது. அது செல்லும் பாதைகளிற் பல பழைய தோட்டத்து வண்டிப் பாதைகளே. இத்தகைய நடைகளை நாம் வெறுக்க வேண்டியதில்லை. நடப்பவர்க்கு எது கட்டடக்கலை என்று காட்டப்படுகிறது, எது காட்டப்படாமல் கடந்து செல்லப்படுகிறது என்பதே நம் வினா. ஹட்டன் நகரில் அவ்வினாவை எழுப்பிக்கொண்டு நாம் நடந்து பார்ப்போம்.

தொடங்குமிடம் புகையிரத நிலையமாகவே இருத்தல் வேண்டும். நகரமே அதைச் சுற்றி எழுந்ததுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இல் வந்த புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியை எட்டியது. அங்கிருந்து ஹட்டனுக்கு ஏறப் பத்தாண்டுகள் பிடித்தன. 1884 இல் ஹட்டன், அடுத்த ஆண்டு நானுஓயா. இந்த ஆண்டுக் கணக்கு முக்கியமானது. பாதையைக் கேட்டவர்கள் கோப்பித் துரைமார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தமையால், புகையிரதம் வந்து சேர்ந்தபோது ஏற்றிச் செல்லக் கோப்பி அருகிவிட்டது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு பயிருக்காகத் திட்டமிடப்பட்டு மற்றொரு பயிரினால் வாழ்ந்த பாதை இது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம், தென்பகுதிப் பாதை 2019 இல் பெலியத்தை வரை நீளும் வரை, இலங்கையின் மிக நீண்ட புகையிரதச் சுரங்கமாக விளங்கியது. அதனைக் குடைந்தவர்களின் பெயரை அங்கே எதிர்பார்ப்பது வீண்.

நிலையத்தின் மேடைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வாறு பிரிக்கப்பட்டோர் தலைமன்னாருக்குச் செல்லப் புகையிரதம் ஏறிய நிலையங்களுள் ஹட்டனும் ஒன்று. ஒரே லயத்தில் வாழ்ந்தவருள் ஒருவர் உள்ளேயும் மற்றவர் மேடையிலும் நின்று அழுத அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. கட்டடக்கலை பற்றிப் பேசுவோர் நிலையத்தின் மரவேலைப்பாட்டையும் கூரையையும் சுட்டிக்காட்டுவர். அவையும் பார்க்கத்தக்கவையே. ஆயினும் இம்மேடையின் நீளம் எத்தனை குடும்பங்கள் நின்று விடைபெறப் போதுமானதாயிருந்தது என்பதும் கட்டடம் பற்றிய கேள்விதான்.

நிலையத்தை விட்டு வெளிவந்தால் கடைவீதி. புகையிரதப் பாதையையும் மலைச்சரிவையும் அனுசரித்து நீண்டு ஒடுங்கிய நகர் இது, அகலிக்க இடமில்லை. கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்புடைய பழைய கட்டடங்கள் புதிய கண்ணாடி முகப்புகளுக்கு இடையே ஆங்காங்கு தலைகாட்டுகின்றன. சம்பள நாளின் பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்கள் அனைத்தும் இவ்வீதியிற் கூடும். இந்நகரின் பெயரைத் தாங்கிய ஹட்டன் வங்கி 1888 இல் இங்கேதான் தோன்றியது. தோட்டத்துரைமாரின் பணத் தேவைக்காக எழுந்த அவ்வங்கியின் வழிவந்ததே 1970 இல் உருவான ஹட்டன் நஷனல் வங்கி. வங்கி தோன்றிய காலத்தில் தொழிலாளரின் கணக்கோ கங்காணியின் கையிலிருந்த துண்டில் இருந்தது. கடன் தொகை எழுதப்பட்ட அத்துண்டே ஒருவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியது. 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை அது வழக்கிலிருந்தது. ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரு சாராரின் கடனுக்குக் கட்டடமும் மற்றவரின் கடனுக்குக் காகிதத் துண்டும் கிடைத்தமை நோக்கத்தக்கது.

கடைவீதியில் நின்று கோ. நடேசய்யரை நினையாது செல்ல இயலாது. கொழும்பிலே தொழிற்சங்கப் பணியாற்றிய அவர் தம் களத்தை மலைநாட்டுக்கு மாற்றி, 1931 இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டங்களுக்குள் அந்நியர் கால்வைப்பது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே நகரின் தெருவே கூட்ட மண்டபமாயிற்று. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகள் இயற்றிப் பாடிக் கூட்டம் திரட்டினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் அரசியலைக் கொண்டு சேர்த்த அப்பாட்டு, தெருவைக் கலையின் இடமாக்கியது என்று கூறினால் மிகையாகாது. 1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இன்றும் சம்பள உயர்வுக் கோரிக்கை எழும்போதெல்லாம் மக்கள் திரளுமிடம் நகரின் மல்லிகைப்பூ சந்தியே. தொழிற்சங்கக் கொடிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட சுவரொட்டிகளும் இந்நகரின் சுவர்களுக்கு ஓர் அடுக்கு வரலாற்றைத் தந்துள்ளன. ஒரு சுவரொட்டியைக் கிழித்தால் அடியில் முந்திய தேர்தல் தெரியும்.

சுவர் ஓவியம் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூறவேண்டும். 2019 நவம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலை அடுத்து, நாடெங்கும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டினர். பழைய மன்னர்கள், போர்வீரர்கள், குளமும் வயலும் சூழ்ந்த கிராமம் ஆகியன அவற்றுட் பெரும்பான்மை. எவருடைய வரலாறு நாட்டின் வரலாறாகச் சுவரேறுகிறது என்ற கேள்வி அப்போதே எழுப்பப்பட்டது. மலைநாட்டைச் சித்திரிக்கும் ஓவியங்களில் தவறாது தோன்றுபவள் கொழுந்து பறிக்கும் பெண். அவள் புன்னகை புரிகிறாள். முதுகிலே பிரம்புக்கூடை தொங்குகிறது. தேயிலைப் பொட்டலத்திலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் நூறாண்டுகளுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்த அதே உருவம் சுவருக்கு இடம்பெயர்ந்துள்ளது, அவ்வளவே. பல தோட்டங்களில் பிரம்புக்கூடை மறைந்து பிளாஸ்ரிக் சாக்கு வந்து பல்லாண்டுகளாகின்றன. சுவரிலிருக்கும் பெண்ணுக்குக் காலிலே அட்டைக்கடி இல்லை. அவள் கொழுந்தை நிறுக்கும் தராசு ஓவியத்துள் வருவதேயில்லை. ஓவியர்களின் திறமையை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்குக் கிடைத்த மாதிரி துரைத்தனத்தின் கண்கொண்டு வரையப்பட்டது என்பதையே சுட்டுகிறோம்.

மக்கள் தாமே ஆக்கிய காட்சிக்கலையைக் காண விரும்புவோர் நகரின் மாணிக்கப் பிள்ளையார் ஆலயத்தைத் தரிசித்தபின் தோட்டங்களை நோக்கி நடத்தல் வேண்டும். ஆகம முறைக்கேற்ப எழுந்த கோபுரங்கள் பெரும்பாலும் பிற்காலத்தன. அவற்றுக்கு முந்தியவை மரத்தடியில் நட்ட கல்லும் சூலமுமே. அத்தெய்வங்களின் பெயர்களே தொழிலின் வரலாற்றைச் சொல்லும். தொழிற்சாலை இயந்திரத்தின் சக்கரத்தைக் காப்பவர் ரோதைமுனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்தது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுமுன் கும்பிடப்படுபவர் கவ்வாத்துச் சாமி. கை துண்டாகும் அபாயமுள்ள இயந்திரத்தருகே ஒரு தெய்வத்தை நிறுத்தியவர்கள், தம் தொழிலின் இயல்பை எந்தத் தொழிற்சாலை அறிக்கையையும் விடத் தெளிவாகப் பதிவுசெய்துள்ளனர். மாசி, பங்குனி மாதங்களில் லயங்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஆடப்படும் காமன் கூத்தும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பகலில் ஆள் கணக்கெடுக்கப்படும் பெரட்டுக்களமும் லயத்து வாசலும் இரவில் ஆடுகளமாகின்றன. அரங்கென்று தனியே ஒன்று கட்டித் தரப்படாத மக்கள், தம்மைக் கட்டுப்படுத்த அமைந்த வெளியையே அரங்காக்கிக் கொண்டனர்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே செல்லும் வீதியில் வோர்லி கிறிஸ்து தேவாலயம் இருக்கிறது. 1878 இல் கட்டப்பட்ட இக்கற்கோயில் எந்த வழிகாட்டி நூலிலும் தவறாது இடம்பெறுவது. சாய்ந்த கூரை, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், சூழவுள்ள கல்லறைகள் யாவும் ஆங்கிலக் கிராமத் தேவாலயம் ஒன்றை மலைமீது பெயர்த்து வைத்தது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. கீழே 1965 இல் நிறைவுற்ற காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. அழகான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். புகையிரதம் ஹட்டனை எட்டுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர் இக்கோயில் எழுந்தது. வெளியிலிருந்து வந்த பொருள் எதுவாயினும் நாவலப்பிட்டியிலிருந்து மாட்டு வண்டியிலோ ஆள் தலையிலோதான் ஏறியிருத்தல் வேண்டும். கல்லறைக் கற்களில் துரைமாரின் பெயரும் வயதும் பிறந்த ஊரும் தெளிவாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களிற் பலர் இளவயதினர். அதே காலத்தில் அதே காய்ச்சலால் மாண்ட தொழிலாளருக்குத் தோட்டத்து மயானமே உண்டு, கல் இல்லை.

தொழிற்சாலை, பங்களா, லயம் ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தின் உறுப்புகள். அவற்றைத் தனித்தனியே விளக்குவது பிழையான விளக்கத்துக்கே இட்டுச் செல்லும். தொழிலாளர் வழக்கில் ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலை பல மாடிகள் கொண்டது; மேல்மாடிகளில் வரிசை வரிசையாகச் சாளரங்கள். பறித்த கொழுந்தைப் பரப்பிப் பல மணிநேரம் காற்றில் வாட்டுவதற்காக ஏற்பட்ட அமைப்பு இது. வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு வந்து உருட்டப்பட்டு, புளிக்க வைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, சலிக்கப்படும். பங்களா மேட்டிலே நிற்கும். அதன் முன்றிலிலிருந்து மலையும் மலையில் நிற்பவரும் தெரிவர். இலைக்கு வேண்டிய காற்று எவ்வளவு என்று கணக்கிட்டுச் சாளரம் வைத்த அதே நிருவாகம், லயத்துக் காம்பராவுக்கு வைத்த சாளரத்தை நாம் பார்க்க வேண்டும். பல லயங்களில் அது இல்லை; இருப்பவற்றிலும் ஒரு கை அகலம்.

லயம் என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராக்களின் வரிசை. ஒரே கூரை, ஒரே முகடு. இடைச்சுவரைப் பொதுவாகக் கொண்ட பத்து, பன்னிரண்டு குடும்பங்கள். முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசையாகக் கட்டப்பட்டது இரட்டை லயம். அதில் பின்கதவுக்கே இடமில்லை. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. காம்பரா போர்த்துக்கீசர் வழிவந்த சொல்; இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழிவந்தது. லயமோ ஆங்கிலத்தின் வரிசை. குடியேற்ற ஆட்சிகள் மூன்றின் சொற்கள் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டைக் குறிக்கப் போதுமாயின. வீடு என்ற சொல் அங்கே நெடுங்காலம் புழங்கவில்லை என்பது தற்செயலன்று. இக்கட்டடத்தின் மூலம் வீடு அன்று, படைவீரர் கொட்டடி. மணமாகாத ஆண்களைச் சில மாதங்கள் தங்கவைக்கப் போதுமென்று கோப்பிக் காலத்தில் ஏற்பட்ட அமைப்பு, ஆண்டு முழுவதும் குடும்பத்தோடு உழைக்க வேண்டிய தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டங்கள் சுகாதாரம் கருதிச் சில திருத்தங்களை விதித்தனவேயன்றி அடிப்படை அமைப்பை அசைக்கவில்லை.

ஆயினும் லயத்தை அடக்குமுறையின் சின்னமாக மட்டும் காண்பது அரைப்பார்வை. இஸ்தோப்பை மண்சுவரால் அடைத்து மூத்த மகனுக்கு ஓர் அறையாக்கியவர்கள், கூரையோடு சேர்த்து அடுப்படி இறக்கியவர்கள், புகைபடிந்த சுவரில் சாணமும் சுண்ணாம்பும் பூசிக் கோலமிட்டவர்கள், வாசலிலே கறிவேப்பிலையும் சாமந்தியும் நட்டவர்கள் யாவரும் தாம் வடிவமைக்காத கட்டடத்தைத் தம் கையால் திருத்தி எழுதியவர்களே. மேட்டு லயம், பணிய லயம், ஸ்டோர் லயம் என அவர்கள் இட்ட பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. உலகம் டல்ஹவுசி என்றழைத்த இடத்தை அவர்கள் நல்லதண்ணி என்றழைத்தனர். இன்று நிலைத்திருப்பது இரண்டாவது பெயரே. மறுபுறம், லயத்தின் உள்ளமைப்பு வேறோர் உண்மையையும் காட்டும். கங்காணிகள் ஆள் திரட்டிய முறை உறவையும் சாதியையும் தழுவியதாகையால், லயங்களும் அவ்வாறே பிரிந்தன. எந்தச் சாதிக்கு மேட்டு லயம், எதற்குப் பீலிக்கரைக்கு அப்பாலுள்ள லயம் என்பதை முதியவர்கள் இன்றும் கூறுவர். துரைத்தனத்தின் சுரண்டலைப் பேசும் நாம் இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இக்கட்டடங்களின் சட்ட நிலை என்ன? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. அதற்குப் பிற்பட்ட கட்டடம் பாதுகாப்புப் பெறவேண்டுமாயின் வர்த்தமானியில் தனியே பிரகடனம் செய்யப்படல் வேண்டும். அத்திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதாவது, கண்டி இராச்சியம் முடிவுற்ற அன்றே இந்நாட்டின் பழமையும் முடிவுற்றது. மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்நாளுக்குப் பிற்பட்டது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இம்மக்களுக்குத் தொன்மையான கட்டடம் ஒன்றுகூடத் தானாக அமைய வழியில்லை. தேவாலயத்துக்கும் பங்களாவுக்கும் இதே நிலைதான் என வாதிக்கலாம். ஆனால் தேவாலயத்தைப் பேணச் சபையுண்டு. பங்களாக்கள் விடுதிகளாகிப் பணமீட்டுகின்றன. லயத்துக்கு அத்தகைய காப்பாளர் எவருமிலர்.

இரண்டு அருங்காட்சியகங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். 1925 இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலையில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் உருட்டும் இயந்திரங்களும் டெயிலரின் நினைவுப் பொருள்களும் பேணப்படுகின்றன. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007 இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமோ ஒரு பழைய லயத்திலேயே இயங்குகிறது. கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் அம்மியும் அங்கே காட்சிப்பொருள்கள். முன்னதில் தேயிலை எவ்வாறு உண்டாகிறது என்று அறியலாம். பின்னதில் அதை உண்டாக்கியவர் யார் என்று அறியலாம். உல்லாசப் பயணிகளின் வண்டிகள் பெரும்பாலும் முன்னதன் வாசலிலேயே நிற்கின்றன.

எனின், லயங்களைப் பேண வேண்டுமா? இவ்வினாவுக்கு ஆய்வாளர் அவசரப்பட்டு விடை கூறலாகாது. லயத்தில் வாழ்வோர் வேண்டுவது நினைவுச்சின்னமன்று, நிலமும் வீடும். 2014 ஒக்ரோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டிட்வா சூறாவளி மலைநாட்டிற் பல இடங்களில் அதே அவலத்தைக் கொணர்ந்தது. ஒரு காம்பராவிற் பற்றிய தீ ஒரே கூரையின் வழியே முழு வரிசையையும் எரிப்பது மலையகத்துக்குப் பழகிய செய்தி. 2017 மே 12 இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனித்தனி நிலத்துண்டில் 550 சதுர அடி கொண்ட வீடுகள் அங்குமிங்கும் எழுந்துள்ளன. இவை போதா என்பதே நம் முறைப்பாடு. ஆதலின், மக்கள் குடியிருக்கும் லயம் எதனையும் மரபுரிமை என்ற பெயரால் இடிக்கலாகாது என்று கோருவது அவர்களின் முதுகில் இன்னொரு கூடையை ஏற்றுவதாகும். குடியிருப்போரின் வாசலில் நின்று படமெடுக்கும் நடைப்பயணங்களையும் நாம் ஏற்பதற்கில்லை. வறுமை காட்சிப்பொருளன்று.

ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து பதிவு செய்வதை எவரும் தடுக்கவில்லை. ஒரு சமூகத்தின் இருநூறாண்டு வாழ்விடம் ஒரு வரைபடமேனும் இன்றி மறைந்துபோதல் ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. 1969 இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகர் முழுவதும் நீரினுள் மூழ்கியது. வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது இந்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்று மேலெழுகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். வழிபாட்டிடங்கள் கல்லாலானவை, நின்றன. வீடுகளும் கடைகளும் எங்கிருந்தன என்பது முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது. அம்முதியோரிற் பலர் இன்றில்லை.

நடையை யார் வழிநடத்துவது என்பதும் கேள்வியே. 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்த நினைவு நடைபவனி, முன்னோர் காடு கடந்து வந்த வழியை அவர்களின் சந்ததியினரே நடந்து காட்டியது. அங்கே வழிகாட்டியும் பயணியும் ஒருவரே. ஹட்டனுக்கும் அத்தகைய நடை வேண்டும்: நிலையத்தில் தொடங்கிக் கடைவீதி, மல்லிகைப்பூ சந்தி, தேவாலயம் ஆகியவற்றினூடாகச் சென்று, குடியிருப்போர் விட்டு நீங்கிய ஒரு லயத்தில் முடிவது, அதனை விளக்குவோர் அத்தோட்டத்துப் பிள்ளைகளாயிருப்பது.

பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் இத்தோட்டங்களிலிருந்து மாணவர் வருகின்றனர். விடுமுறைக்குச் செல்லும்போது ஒவ்வொருவரும் தம் தோட்டத்து லயம் ஒன்றை நாடாவால் அளந்து, காம்பராவின் அகலம், சாளரத்தின் அளவு, பீலிக்கரைக்கும் கழிவறைக்கும் உள்ள தூரம், லயத்துக்கு மக்கள் வழங்கும் பெயர், அக்காம்பராவில் வாழ்ந்து 1964 இன் பின் கோச்சியேறிச் சென்ற குடும்பங்களின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வருவாராயின், ஐந்தாண்டுகளுள் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளுக்கேனும் ஒரு தொகுதி உருவாகிவிடும். வேண்டியது ஓர் அளவு நாடாவும் சில நாள்களுமே. முதலில் அளக்கத்தக்கவை, புதிய வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டப்பட்டுவிட்ட தோட்டங்களின் லயங்கள்.